கடல் ஏறும் முன்பே எழுதி வைக்க வேண்டியவை: குமரி மாவட்டத் தன்பால் ஈர்ப்புத் துணைகளுக்கான பேரிடர் வழிகாட்டி

2021 நவம்பர் மழையில் குழித்துறைப் பக்கம் தாமிரபரணி கரை தாண்டியபோது, ஒரு பள்ளிக்கூட முகாமில் பெயர் எழுதும் வேலை எனக்கு வந்தது. நோட்டில் நான்கு கட்டம்: பெயர், வயது, ஊர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு. நனைந்த சேலையோடு இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருவருக்கு 50 வயது இருக்கும், மற்றவர் கொஞ்சம் இளையவர். 16 வருடமாக ஒரே வாடகை வீட்டில் சேர்ந்து இருப்பவர்கள். நான்காவது கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். மூத்தவர் சொன்னார்: "அதுல ஒண்ணும் எழுதாண்டாம், மக்களே."

அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. மூன்றாம் நாள் அரிசியும் பாயும் வந்தன. குடும்ப அட்டைக்கு ஒரு பை என்றார்கள். மூத்தவரின் பெயர் வேறு தாலுகாவில் தம்பி வீட்டு அட்டையில் இருந்தது. இளையவரின் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. இருவரும் வெறுங்கையோடு வகுப்பறைக்குத் திரும்பிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன செய்ய வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

வெள்ளமும் கடலும் ஆள் பார்த்து வருவதில்லை. ஆனால் அதன்பின் வரும் அரிசி, பணம், கூரை, ஏன் சவப்பெட்டிகூட, குடும்பம் என்ற பெயரில்தான் வந்து சேர்கிறது. காகிதத்தில் குடும்பமாக இல்லாதவர்கள் அந்த வரிசையில் நிற்கவே முடியாமல் போகிறது. லெஸ்பியன் பெண்களுக்கும் கே ஆண்களுக்கும் பேரிடர் கூடுதலாகச் செய்யும் கேடு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல

2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, உணவு குடும்பத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்று பெண்களின் கையில் கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பெண்ணே இல்லாத வீடுகள், அதாவது கே ஆண்கள் சேர்ந்து வாழ்ந்த வீடுகள், அப்படியே விடுபட்டன. 2005-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸை கத்ரீனா புயல் மூழ்கடித்தபோது, அந்த ஊரில் நடக்கும் கே மக்களின் திருவிழாவுக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று சில போதகர்கள் பேசினார்கள். அந்தத் திருவிழா நடக்கும் பழைய நகரப் பகுதியில்தான் வெள்ளம் மிகக் குறைவாக ஏறியது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டிலேயே திருநங்கைகள் நிவாரணப் பட்டியல்களில் விடுபட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் கரையில் லெஸ்பியன், கே மக்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்து யாரும் எழுதவில்லை. எழுதியிருக்கவும் முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் ஏறியபோதும், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்களைக் கடலில் வைத்துப் பிடித்தபோதும் தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு உயிரோடு இருந்தது. உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது 2018 செப்டம்பர் 6 அன்று. அதற்கு முன் துணையைக் கடலில் இழந்த ஓர் ஆண் 'அவன் எனக்கு யார்' என்று சொல்லியிருந்தால், அது ஒரு குற்றத்தின் வாக்குமூலமாகப் பார்க்கப்பட்டிருக்கக்கூடும். குழித்துறை ரயில் நிலையத்தில் ஒக்கிக்காக ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அந்தக் கூட்டத்தில் நண்பன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு அழுதவர்கள் இருந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

முதல் படி: எது, எப்போது வரும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபர் முதல் வடகிழக்கு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் தண்ணீர் திறந்தால் கோதையாறு, தாமிரபரணி, பரளியாற்றங்கரைகள் கவனமாக இருக்க வேண்டும். கரையில் புயல், கடலரிப்பு. அப்புறம் கள்ளக்கடல். இங்கே காற்றே இல்லாமல், தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ கிளம்பிய பேரலை வந்து அடிப்பது. ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படி ஒரு நாளில்தான்.

எச்சரிக்கைக்கு டிஎன்-அலர்ட் செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, எல்லா அவசரத்துக்கும் 112, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554. இவற்றைத் தாளிலும் எழுதி வையுங்கள், போன் நனைந்துபோகும். கடற்கரை ஊர்களில் பங்குக் கோயில் (கத்தோலிக்கத் தேவாலயம்) ஒலிபெருக்கிதான் முதலில் எச்சரிக்கும். கோயிலோடு உங்களுக்கு மனக்கசப்பு இருந்தாலும் அந்த ஒலி கேட்கும் தூரத்தில் ஒருவரோடாவது பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: காகிதம்

இதில்தான் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். மழை இல்லாத ஒரு வாரம் போதும். கடலுக்குப் போகிறவர்களுக்கு மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் இருக்கிறது. படகு கரையில் கிடக்கும் அந்த நாட்களே இதற்கு ஏற்றவை.

ரேஷன் அட்டையில் தொடங்குங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலியில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு 6,000 ரூபாயும் நம் மாவட்டத்துக்கு 1,000 ரூபாயும் ரேஷன் கடை வழியாகத்தான் கொடுக்கப்பட்டன. அட்டை இல்லாதவருக்கு அந்த வரிசையே இல்லை. பால்புதுமையினர் (தன்பால் ஈர்ப்புடையோர் உள்ளிட்ட குயர் மக்கள்) துணைகளை ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று மத்திய அரசு 2024-ல் மாநிலங்களுக்கு ஆலோசனை அனுப்பியிருக்கிறது. அந்த அறிவிப்பை அச்செடுத்து மனுவோடு இணைத்து வட்ட வழங்கல் அலுவலகத்தில் கொடுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார். கோபப்படாமல் ஒப்புகைச் சீட்டு மட்டும் கேட்டு வாங்குங்கள். சேர்ந்து அட்டை வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயம் இருந்தால், பழைய வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கிவிட்டுத் தனி நபர் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். வெளியே சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் தம்பி வீட்டு அட்டையில் பெயர் கிடப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். வீடு இடிந்தால் வரும் பணம் வீட்டுச் சொந்தக்காரருக்குப் போகும். துணிமணி, பாத்திரம் போனதற்கு நீங்களும் கேட்கலாம், அதற்கு இங்கே குடியிருந்தோம் என்ற சான்று வேண்டும். ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் இப்போதைய முகவரி இருக்கட்டும்.

வங்கிக்குப் போங்கள். பால்புதுமையினர் கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் எந்தத் தடையும் இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவாக்கிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வங்கி நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கையில் வைத்திருப்பவர்தான். அது அவருக்கே சொந்தமாகிவிடாது. வாரிசுகள் வழக்குப் போட்டால் கொடுக்க வேண்டி வரும். ஆகவே உயில் எழுதியே ஆக வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளில் தெளிவாக எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, அவர்களும் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறப்போகிற துணையைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். நாளை அண்ணன், சித்தப்பா வந்து நிற்கும்போது அந்த முத்திரைதான் பேசும். இஸ்லாமியர்களுக்குப் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்குத்தான் உயில் செல்லும், அதற்கு மேல் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். காசில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண் இருக்கிறது.

இவ்வளவு செய்தாலும் ஒரு கதவு மூடியேதான் இருக்கும். இறந்தவர்களுக்கு அரசு கொடுக்கும் நிவாரணம் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழைப் பார்த்துத்தான் போகிறது. அதில் தன்பால் துணையின் பெயர் வராது. தன்பால் திருமணத்தை ஏற்க 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒக்கியில் இறந்த, காணாமல்போன மீனவர் குடும்பங்களுக்கு மாநில அரசு 20 லட்சம் கொடுத்தது. அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்க்குக்கூட அப்படிப்பட்ட துணைக்கு வழி இல்லை. இது அநியாயம். இதை மறைத்து உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை. ஆகவே நீங்கள் கையாளக்கூடிய பணத்தை, அதாவது சேமிப்பு, நகை, தொழில் கருவி, சொந்தமாகச் சம்பாதித்த சொத்து ஆகியவற்றை இப்போதே பெயர் போட்டு ஒழுங்கு செய்யுங்கள்.

ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படகின் பெயர், பதிவு எண், கூடப் போகிறவர்களின் பெயர்கள், கிளம்பும் துறைமுகம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் துணைக்கு அனுப்பிவிட்டுப் போங்கள். தூத்தூர் ஆட்கள் கொச்சியிலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் வாரக்கணக்கில் தங்கல் (கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போகிறவர்கள். ஒக்கியின்போது யார் எந்தப் படகில் போனார்கள் என்று சொல்லவே ஊர் திண்டாடியது. கேட்டுச் சொல்ல உரிமை இல்லாத துணையிடம் அந்தத் தகவலாவது இருக்கட்டும்.

மூன்றாம் படி: மூன்று பேர்

உண்மை தெரிந்த மூன்று பேரைப் பிடித்து வையுங்கள். ஒருவர் உங்கள் தெருவில், ஒருவர் மேட்டுப் பகுதியில் (தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் எதுவானாலும்), ஒருவர் மாவட்டத்துக்கு வெளியே. தெருவில் இருப்பவர் கதவைத் தட்டி எழுப்ப, மேட்டில் இருப்பவர் இரண்டு நாள் தங்க இடம் தர, வெளியே இருப்பவர் போன் தொடர்பு அறுந்தால் இருவருக்கும் நடுவில் செய்தி சொல்ல. மூன்றாமவர் முக்கியம். புயல் நாளில் பக்கத்து ஊருக்கு லைன் கிடைக்காது, சென்னைக்கு ஒரு குறுஞ்செய்தி போய்விடும்.

சொந்தக்காரர்களிடம் சொல்லாதவர்களுக்கு மூன்று பேர் என்பதே மலை போலத் தோன்றும். ஒருவரில் தொடங்குங்கள். சொல்ல எனக்கும் நாளானது.

நான்காம் படி: பை

சான்றுகளின் நகல்களைத் தண்ணீர் புகாத உறையில் போடுங்கள், ஒரு நகல் மேட்டில் இருப்பவரிடம். டார்ச், பவர் பேங்க், மாற்றுத்துணி, சில்லறைப் பணம். மருந்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஏஆர்டி (எச்.ஐ.வி-க்கான கூட்டு மருந்து) எடுப்பவர்கள் ஒரு நாளும் விடக்கூடாது. மழைக்காலத்துக்கு முன் மையத்தில் பேசிக் கூடுதல் மாத்திரை கேளுங்கள், சிகிச்சைப் புத்தகத்தைப் படமெடுத்து வையுங்கள். மருந்து தண்ணீரோடு போய்விட்டால் 1097-ல் கூப்பிட்டு அருகிலுள்ள மையத்தைக் கேட்கலாம். முகாமில் மாத்திரை டப்பாவைப் பார்த்துக் கேள்வி வரும், ஆகவே சாதாரண டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி நிலையைச் சம்மதமின்றி வெளியே சொல்வதை 2017 சட்டம் தடுக்கிறது.

போனுக்குப் பூட்டு போடுங்கள். முகாமில் போன் பலர் கைக்குப் போகும். படங்களும் அரட்டைகளும் அப்படித்தான் வெளியே வருகின்றன.

ஐந்தாம் படி: முகாமில்

முதலில் மேட்டில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போக முடியுமா பாருங்கள். போனாலும் விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) பெயரைப் பதிவு செய்யுங்கள். முகாமில் தங்காதவர் பாதிக்கப்படாதவர் என்று நினைத்துவிடுவார்கள்.

முகாமில் பதியும்போது இருவரும் ஒன்றாக நின்று, ஒரே வரிசை எண்ணின் கீழ் எழுதச் சொல்லுங்கள். உறவு என்ற கட்டத்தில் 'ஒரே வீட்டில் வசிப்பவர்' என்று எழுதலாம். பொய்யும் இல்லை, ரகசியமும் உடையாது. அக்கா தங்கை, அண்ணன் தம்பி என்று எழுதாதீர்கள். அந்த நேரத்துக்கு வசதியாகத் தோன்றும். பிறகு மருத்துவமனையிலோ மனுவிலோ ஆதாரோடு ஒப்பிடும்போது இருவரையும் ஏமாற்றுக்காரர்களாக்கிவிடும்.

தூங்கும் இடம்தான் பெரும்பாடு. ஒரு வகுப்பறைக்கு நான்கு குடும்பம் என்று பிரிக்கும்போது, பிள்ளைகுட்டி இல்லாத இரண்டு ஆண்களை வராந்தாவுக்கு அனுப்புவார்கள். பெண்களுக்குத் தனி அறை என்றால் இரண்டு பெண்கள் சேர்ந்து இருக்க முடியும், ஆனால் முடி வெட்டி, சட்டை போட்ட பெண்ணைக் கழிப்பறை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். நளினமாக நடக்கும் ஆணுக்கு ஆண்கள் பக்கம் ராத்திரி பாதுகாப்பானது இல்லை. வெளிச்சம் இருக்கும் மூலையில், வயதானவர்கள் இருக்கும் குடும்பத்துக்குப் பக்கத்தில் பாய் போடுங்கள். கழிப்பறைக்கு இருவராகப் போங்கள்.

கேட்பதற்கு உரிமை உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் வகுத்த குறைந்தபட்சத் தரத்தின்படி முகாமில் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், 30 பேருக்கு ஒரு கழிப்பறை, ஒரு நாளைக்கு ஆளுக்கு 3 லிட்டர் குடிநீர் இருக்க வேண்டும். இதைக் கணக்குச் சொல்லிக் கேட்பவரைக் கொஞ்சம் மரியாதையாகத்தான் பார்ப்பார்கள்.

யாராவது தொட்டால், மிரட்டினால், பணம் பறித்தால் முகாம் பொறுப்பாளரிடம் சாட்சியோடு சொல்லுங்கள். பெண்களுக்கு 181. பாலியல் வன்முறை நடந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆண்கள் கவனிக்க: 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் ஆண்மீது நடக்கும் வன்புணர்வுக்கென்று பிரிவு இல்லை. இது பெரிய ஓட்டை. ஆனாலும் காயப்படுத்தியது, அடைத்து வைத்தது, மிரட்டியது எல்லாம் குற்றமே. அவற்றின் பேரில் புகார் கொடுக்கலாம்.

ஆறாம் படி: மருத்துவமனையும் பிணவறையும்

எழுதக் கை வராத பகுதி இது. ஆனால் எழுதாமல் விட முடியாது.

'அவசர நேரத்தில் என் நிலைமையை இவரிடம் சொல்லவும், என் சார்பில் இவரிடம் கேட்கவும்' என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை இருவரும் பையில் வைத்திருங்கள். உறவினர் கையெழுத்து வேண்டும் என்று சொல்லும் இடத்தில் அது எல்லாவற்றையும் தீர்க்காது. ஆனால் உள்ளே விடுவதற்கும் வெளியே நிறுத்துவதற்கும் நடுவில் அதுதான் பேசும்.

உடலைப் பெறுவது பற்றி: நெருங்கிய உறவினர் இல்லாத நிலையில் துணையே உடலைப் பெற வகை செய்யும்படி மத்திய சுகாதார அமைச்சகம் 2024-ல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. உறவினர் வந்துவிட்டால் அவர்களுக்கே முதலிடம். ஆகவே அடக்கம் பற்றிய விருப்பத்தை உயிலிலேயே எழுதுங்கள், கல்லறைத் தோட்டத்திலா, தகனமா, யார் முன்னே நிற்க வேண்டும் என்பதுவரை. அடையாளம் காட்டுவதற்குத் தழும்பு, பச்சை குத்திய அடையாளம், பல், மோதிரம் ஆகியவற்றின் குறிப்பு துணையிடம் இருக்கட்டும். சுனாமி நாட்களில் நம் கரையில் எத்தனையோ பேரை அடையாளம் தெரியாமலேயே புதைக்க வேண்டி வந்தது.

ஏழாம் படி: நிவாரணம் கேட்டல்

தண்ணீர் வடியும் முன்பே சேதத்தைத் தேதியோடு படமெடுங்கள். முதலில் விஏஓ, பிறகு வருவாய் ஆய்வாளர், தாசில்தார். அங்கே நகரவில்லை என்றால் திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவை இப்படி எழுதலாம்:

'நாங்கள் இருவரும் மேற்கண்ட முகவரியில் இத்தனை ஆண்டுகளாக ஒரே சமையலறை வைத்து ஒரே குடும்பமாக வசித்து வருகிறோம். இத்தேதியில் பெய்த மழையில் வீட்டினுள் இத்தனை அடி தண்ணீர் புகுந்து பொருட்கள் சேதமடைந்தன. கணக்கெடுப்பில் எங்கள் வீடு விடுபட்டுள்ளது. நேரில் ஆய்வு செய்து பட்டியலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

அவ்வளவுதான். காதலைப் பற்றி எழுத வேண்டியதில்லை. ஒரே சமையலறை என்ற சொல் அரசாங்கத்துக்கு நன்றாகப் புரியும். கடற்கரையில் பங்குப் பேரவையும் அன்பியங்களும் (பங்குக் கோயிலின் தெருவாரியான குடும்பக் குழுக்கள்) தனிப் பட்டியல் போடும். அதிலும் பெயர் இருக்கிறதா என்று அன்பியப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். ஊர் வரி கட்டாதவர், வந்து குடியேறியவர் என்று விடுபட்டால் அரசுப் பட்டியலையாவது விடாதீர்கள்.

எட்டாம் படி: அதற்குப் பிந்தைய மாதங்கள்

வீடு போனதும் பலர் பெற்றோர் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அங்கே இரண்டாம் வாரம் கல்யாணப் பேச்சு வரும். 'கடவுள் காட்டிய எச்சரிக்கை, இனியாவது திருந்து' என்று சொல்வார்கள். 2004 அலை சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் நடந்த நிலநடுக்கத்தால் வந்தது. அதில் இறந்த குழந்தைகளும் கிழவிகளும் யாருடைய பாவத்துக்கும் கணக்குத் தீர்க்கவில்லை, நீங்களும் தீர்க்க வேண்டியதில்லை.

பிரித்து வைக்க முயன்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த தீர்ப்பின்படி, காணவில்லை என்று பெற்றோர் கொடுத்த புகாரில் இருவரும் விருப்பத்தோடு இருக்கும் வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொல்லை தராமல் காவல்துறை புகாரை முடிக்க வேண்டும். இயல்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிக்கும் அதே தீர்ப்பு தடை போட்டது. 2025 மே மாதம் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. குடும்பம் அமையத் திருமணம் மட்டுமே வழி அல்ல என்று சொல்லி, பெற்றோர் அடைத்து வைத்த ஒரு பெண்ணைத் தன் துணையோடு போக அனுமதித்தது.

துக்கத்துக்கும் இடம் வேண்டும். இறந்தவரை நண்பர் என்று மட்டுமே சொல்லி, பதினாறாம் நாளிலும் முப்பதாம் நாள் பூசையிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று: 14416 டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டாம், அந்த மூன்று பேரில் ஒருவரை அடிக்கடி வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், தனியே இருக்காதீர்கள்.

முகாம் நடத்துபவர்களுக்கு

குடும்பத் தலைவர் யார் என்று கேட்காதீர்கள். 'உங்களோடு யார் யார் வந்திருக்கிறார்கள், யாரோடு தங்க விரும்புகிறீர்கள்' என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதுங்கள். அட்டை இல்லாதவர்களுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்கி, அதற்கும் பை கணக்கிட்டு வாங்குங்கள். முகாம் பட்டியலையும் படங்களையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தேடிக்கொண்டிருக்கும் கோபக்காரத் தகப்பன் அதில்தான் மகளைக் கண்டுபிடிக்கிறார். ஒரு கழிப்பறையையாவது யாரும் தாழிட்டுப் பயன்படுத்தும்படி தனியாக விடுங்கள். அந்த நோட்டில் நான்காவது கட்டத்தை இப்போது நான் கோடு போடுவதே இல்லை. மூன்று கட்டத்தோடு நிறுத்திவிட்டு, வரிசை எண்ணுக்குக் கீழே அவர்கள் சொல்லும் பெயர்களை ஒன்றாக எழுதுகிறேன்.